பாய்க்கு வழி மறந்துபோன காலை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு வருகிறவர்கள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பாய் இருக்காரா?" என்று கேட்பார்கள். நரம்பு எளிதில் அகப்படாத வயதானவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றிக் கை கறுத்துப்போனவர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் என எல்லோருக்கும் அவர்தான் வேண்டும். பாய் பன்னிரண்டு வருஷம் சவூதியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். முதுநகரில் வீடு. என்னைவிட ஏழு வயது மூத்தவர்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்தவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, "இன்னிக்கு வூட்ல என்னா கொழம்பு?" என்று கேட்பார். வந்தவர் யோசித்து "கத்திரிக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் குழாயில் பாதி ரத்தம் ஏறியிருக்கும். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் குழம்பைப் பற்றிக் கேட்பது பாவம் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "பசியில இருக்கறவனுக்குத்தான் மச்சான் கொழம்பு நல்லா ஞாபகம் வரும்" என்றார். என்னை அவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். நான் லேப் இன்சார்ஜ் ஆன பிறகும் அது மாறவில்லை.

லேப் கை மாறியபோதுதான் மாறியது. அதுவரை நடத்திவந்த டாக்டர், தனக்கு வயதாகிவிட்டதென்று சென்னைக் கம்பெனி ஒன்றிடம் அதைக் கொடுத்துவிட்டார். புதிதாக வந்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், ஏசி போட்டார்கள், பழைய மெஷினை எடுத்துவிட்டு நல்ல மெஷின் வைத்தார்கள். கூடவே சுவரில் ஒரு டிவியையும் மாட்டினார்கள். அதில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி ஓடும். ரத்தம் எடுத்ததும் வரி பச்சையாக இருக்கும். ரிப்போர்ட் போக வேண்டிய நேரத்தில் பாதி கழிந்தால் மஞ்சள். நேரம் தாண்டினால் சிவப்பு. இங்கே சிவப்பு வந்தால் சென்னையில் இருக்கும் மேனேஜருக்கும் தெரியும். "குட்மார்னிங் டீம், கடலூரில் இரண்டு சிவப்பு. என்ன ஆச்சு?" என்று வாட்ஸப் குரூப்பில் கேட்பார். திட்ட மாட்டார். மரியாதையாகத்தான் கேட்பார். திட்டு வாங்குவதைவிட அந்த மரியாதைக்குப் பதில் எழுதுவது எனக்குச் சிரமமாக இருந்தது.

வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் வேலையையும் ஆரம்பித்தார்கள். அதற்கென்று தனி ஆள் போடவில்லை. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை பாய் பைக்கில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு புதுப்பாளையம், வண்டிப்பாளையம், செம்மண்டலம், தேவனாம்பட்டினம் என்று சுற்றுவார். ஒன்பது மணிக்கு லேபில் வந்து உட்கார்ந்து அங்கே காத்திருப்பவர்களைப் பார்ப்பார். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது என் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். புள்ளி ஓரிடத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் நான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்டேன்.

"பாய், செம்மண்டலத்துலயே நிக்கிற மாதிரி காட்டுது."

"ஒரு அம்மாவுக்கு மயக்கம் வந்துடுச்சி. தண்ணி குடுத்து படுக்க வெச்சிருக்கேன்."

"சரி. அடுத்த வூட்டுக்காரங்க போன் மேல போன் பண்றாங்க."

இப்படி ஒரு காலைக்கு ஏழெட்டு முறை. அந்த அம்மாவுக்கு மயக்கம் தெளிந்ததா என்று நான் கேட்டதாக நினைவில்லை.

அந்த வருஷம் பாயிடம் வந்த மாற்றங்கள் எல்லாமே என் கண்ணில் பட்டன. அவற்றுக்கு நான் வைத்துக்கொண்ட அர்த்தம்தான் வேறு. முதலில் மச்சான் போய் சார் வந்தது. "ரெடி சார்", "கெளம்பிட்டேன் சார்." கம்பெனி ஆட்களுக்கு முன்னால் மரியாதை வேண்டும் என்று நினைக்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளூரச் சற்றுப் பிடித்தும் இருந்தது. பிறகு குழாயில் பெயர் ஒட்டியதும் அதை மூன்று முறை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். படித்த பிறகு போனில் படம் எடுப்பார். ஒரு நாள் அவர் போனை வாங்கி ஒரு நம்பர் தேடியபோது, விரலால் தள்ளத் தள்ளக் குழாய்களாகவே வந்தன. ஊதா மூடி, மஞ்சள் மூடி, சாம்பல் மூடி. இடையில் அவர் மகள் கல்லூரியில் பட்டம் வாங்கிய படம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு மறுபடியும் குழாய்கள். எனக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. மற்றவர்களையும் அப்படிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போனால் தொழுது, பக்கத்தில் யாரோடாவது பேசி, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத்தான் வருவார். அது முக்கால் மணி நேரம் ஆனது, அரை மணி நேரம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை போகவே இல்லை. "கூட்டம் ஜாஸ்தியா இருக்கு சார். இங்கயே தொழுதுக்கறேன்" என்றார். கூட்டம் அன்றைக்கு ஜாஸ்தியாக இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுப்பார், வெளியே மணி அடிக்கும், மூடிவிடுவார். கையை அடிக்கடி கழுவிக் கழுவி விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. ரத்தம் எடுக்கும்போது குழம்பைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். அவர் எதிரில் வரிசை சீக்கிரம் நகர்கிறது என்பதை மட்டும்தான் நான் கவனித்தேன். வருஷாந்தரப் படிவத்தில் அவரைப் பற்றி எழுதும் இடத்தில் 'மிகவும் பொறுப்பானவர், முன்பைவிட முன்னேற்றம்' என்று எழுதினேன்.

நான் இருப்பது சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால். காலை ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஏழு மணிக்குள் லேபில் இருக்க முடியும். முன்பெல்லாம் புதுச்சத்திரம் தாண்டும்வரை தூங்கிவிடுவேன். ஆலப்பாக்கம் கடந்ததும் காற்றில் வரும் ரசாயன வாடைதான் என்னை எழுப்பும். அந்த வருஷம் பஸ்ஸில் ஒரு நாளும் தூங்கவில்லை. போனில் நீலப் புள்ளி முதுநகரிலிருந்து கிளம்பிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே போவேன். வாடை வந்ததா, வரவில்லையா என்பதே தெரியாமல் கடலூரில் இறங்குவேன்.

ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் வீதிக்கு வந்த நாளில் லீவு போட்டிருந்தேன். மனைவி கேட்டுக்கொண்டதற்காகப் போட்ட லீவு. வடக்கு வீதியில் ஜனங்களோடு நின்றோம். தேர் எங்களைக் கடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாங்க, தேர் லேட்டா வருதுன்னு கோவமா?"

நான் அப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர் நிலைக்குப் போக வேண்டிய நேரத்துக்குள் போகுமா என்று கணக்குப் போட்டிருந்தேன். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

"நேத்து குக்கர் விசில் அடிச்சதுக்குப் புள்ளைய அந்தக் கத்து கத்துனீங்க. சோத்த மென்னு திங்கறதே இல்ல, முழுங்கறீங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆனாப் போதும், வயித்து வலின்னு படுத்துக்கறீங்க. ஒரு டாக்டரப் பாருங்களேன்."

நான் பல் டாக்டரைப் பார்த்தேன். கடைவாய்ப் பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. அதனால்தான் மெல்ல முடியவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த டாக்டரம்மா வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்களா சார்? மேல் வரிசை பூரா தேஞ்சிருக்கு" என்றார். இல்லை என்றேன். தூங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. உடைந்ததை அடைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

அதன் பிறகு நான்கு மாதம் கழித்து, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், எட்டேகாலுக்குப் பாயிடமிருந்து போன் வந்தது. வண்டிப்பாளையம் சாலையில் புள்ளி இருபது நிமிஷமாக நகராமல் இருந்ததை நான் பார்த்துவிட்டுக் கூப்பிடப் போன நேரம் அது.

"மச்சான்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அது எனக்கு உறைத்தது. ஆனாலும் வழக்கமான குரலிலேயே "சொல்லுங்க பாய்" என்றேன்.

"எனக்கு வழி தெரியல மச்சான்."

"எந்த வூடு? லொகேஷன் அனுப்பறேன்."

"வூடு இல்ல. எல்லா வூடும் முடிச்சிட்டேன். எந்தப் பக்கம் திரும்புனா லேபு வரும்னு தெரியல. இது எந்த ரோடுன்னே தெரியல."

அவர் கடலூரில் பிறந்தவர். அந்தச் சாலையில் தினமும் போகிறவர். என் போனில் புள்ளி கெடிலம் ஆற்றோரம் தெளிவாகத் தெரிந்தது. நான் என்ன கேட்டேன் என்பதைத் திருத்தாமல் இங்கே எழுத வேண்டும்.

"சேம்பிள் எங்க பாய்? பெட்டி கையில இருக்கா?"

ஒரு லாரி கடந்துபோகும் ஓசை கேட்டது.

"இருக்கு சார்" என்றார்.

அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, லேபில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு போனேன். பத்து நிமிஷத் தூரம்தான். சாலையோரம் மதகின் சிமெண்டுத் திட்டில் பாய் உட்கார்ந்திருந்தார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். பைக் ஒழுங்காக ஓரம் கட்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. எதிரில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க லேபா சார்? நம்ம பாய்தான். எங்கம்மாவுக்கு இவுருதான் ரத்தம் எடுப்பாரு. வந்து உக்காந்தவரு உக்காந்துகினே இருக்காரு. டீ குடுத்தேன், வாங்கல. ஆஸ்பத்திரிக்கி போலாம் வான்னாலும் வர மாட்டேங்கறாரு. பெட்டிய குடுக்கணும், பெட்டிய குடுக்கணும்ங்கறாரு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பாய், போலாமா?"

"பேரெல்லாம் சரியா ஒட்டியிருக்கேனான்னு பாருங்க."

"அப்பறம் பாத்துக்கலாம்."

"இல்ல. பாருங்க."

பெட்டியை அவர் மடியிலிருந்தே திறந்தேன். பதினொரு பேருடைய குழாய்கள். ஒவ்வொன்றாக எடுத்து, பட்டியலில் உள்ள பெயரோடு சேர்த்துச் சத்தமாகப் படித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு ஸ்டிக்கர்கூடக் கோணலாக இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு பாய்."

"இன்னொரு தடவ."

மறுபடியும் படித்தேன். ஆறாவது குழாயின் பெயரை என்னை அறியாமல் மூன்று முறை படித்திருந்தேன்.

இரண்டு வண்டிகளையும் டீக்கடை வாசலில் விட்டுவிட்டு, டீக்கடைக்காரரின் உறவினர் ஒருவருடைய ஆட்டோவில் பாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். போகும் வழியில் பெட்டியை லேப் வாசலில் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்வரை அவர் கைப்பிடியை விடவில்லை. ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. பக்கவாதமாக இருக்குமோ என்று தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. ஈசிஜியும் சரியாக இருந்தது. மத்தியானத்துக்குள் அவருக்குத் தெருக்களெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன. வெட்கப்பட்டுக்கொண்டு படுத்திருந்தார். "ஒடம்புல பெருசா கோளாறு எதுவும் தெரியல. மனசு ரொம்ப நாளா முட்டுக்குடுத்துக்கினே இருந்திருக்கு. ஒரு மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் அங்கிருந்த மருத்துவர். அன்று என் போனில் மேனேஜரின் செய்திகள் வரிசையாகக் கிடந்தன. டிவி முழுக்கச் சிவப்பு என்றார்கள் லேபில் இருந்தவர்கள்.

பாயின் வீட்டம்மா வந்து சேர்ந்தபோது நான் வராந்தாவில் நின்றிருந்தேன். பெருநாளுக்கு அவர்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். எப்போதும் சிரித்த முகமாக "வாங்க தம்பி" என்பவர், அன்று முக்காட்டைச் சரிசெய்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு ஆறு மாசமாவே தெரியும் தம்பி. பஜ்ருக்கு எழுந்தா, தொழுதுட்டு கேஸ் மூடியிருக்கான்னு பாப்பாரு. கதவு பூட்டியிருக்கான்னு பாப்பாரு. மறுபடி கேஸ். சாப்பாடு எறங்கறதில்ல. புள்ளைங்க ஏதாச்சும் கேட்டா மொகத்தையே பாத்துக்கினு இருப்பாரு, பதில் வராது. உங்ககிட்ட வந்து சொல்லணும்னு ரெண்டு மூணு தடவ கெளம்புனேன். இவுருதான் தடுத்துட்டாரு."

"ஏன்?"

"நீங்கதான அவருக்கு மேல இருக்கறவரு. சொன்னா வேலைக்கி ஆவாதவன்னு எழுதிடுவாங்கன்னாரு."

நான் எழுதியது என்ன என்று அவருக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லி நல்லவனாகிவிட முடியும் என்று தோன்றவில்லை.

மேனேஜரிடம் பேசினேன். வருத்தப்பட்டார், அந்த வருத்தம் உண்மையானது என்றே நினைக்கிறேன். பிறகு, மன அழுத்தத்தின் அறிகுறிகளை அறிவது எப்படி என்று ஒரு வீடியோவை குரூப்பில் போட்டு, எல்லோரும் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் போடச் சொன்னார். எல்லோரும் போட்டார்கள். நானும் போட்டேன். வீடியோவைப் பார்க்கவில்லை.

பாய் மனநல மருத்துவரிடம் வரச் சம்மதிக்க மூன்று வாரம் ஆனது. "எனக்கு என்னா பைத்தியமா?" என்பதுதான் கேள்வி. கடலூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றார். அப்படியானால் சிதம்பரத்துக்கு வாங்க, நான் கூட வருகிறேன் என்றேன். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து அழைத்துப் போனேன். மருத்துவர் வீட்டின் முன்னறையில் காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு பக்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் பார்த்தால் பைத்தியமாகத் தெரியவில்லை. ஒருவர் மடியில் பள்ளிக்கூட விடைத்தாள் கட்டு இருந்தது. திருத்திக்கொண்டிருந்தார்.

மருத்துவர் பாயிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் எழுந்ததும் முதலில் என்ன நினைப்பு வருகிறது? வேலைக்குக் கிளம்பும்போது உடம்பில் எங்கே இறுக்கமாக இருக்கிறது? எதற்கெல்லாம் கோபம் வருகிறது? பிடித்த விஷயம் எதையாவது செய்யாமல் விட்டாயிற்றா? பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். கழுத்துக்குப் பின்னால் கல் வைத்த மாதிரி இருக்கும். போன் அடித்தால் நெஞ்சு குதிக்கும்; அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று எடுத்துப் பார்ப்பேன். லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையில்கூட மனம் வேலைக்குள்ளேயே கிடக்கும். மென்று சாப்பிட முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான் நாற்காலியில் நெளிந்தேன். பாதிக்கு மேல் என்னைப் பற்றிய விவரமாக இருந்தது.

"அன்னிக்கு வழி தெரியாமப் போச்சே, அப்ப பயமா இருந்துதா?" என்று கேட்டார் மருத்துவர்.

பாய் கொஞ்சம் யோசித்தார். "மொதல்ல பயமா இருந்துச்சி டாக்டர். அப்பறம் ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சி. வழி தெரியாதவன் எங்க போறது? போவ வேணாம்ல."

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அங்கதான வேல பாக்கறீங்க? நீங்க எப்டித் தூங்கறீங்க?"

"நல்லாத் தூங்கறேன் சார்."

"பொய் சொல்றான் டாக்டர்" என்றார் பாய். "அஞ்சேகால் பஸ்ஸுல உக்காந்துகினு நான் கெளம்பிட்டனான்னு போன்ல பாக்கறவன் இவன். எனக்கும் காட்டும், இவன் பாக்கறது. எங்கேந்து தூங்குவான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. என்னுடைய ரத்த அழுத்தத்தையும் அங்கேயே பார்த்தார்கள். இருவருக்கும் மாத்திரைச் சீட்டு கிடைத்தது.

பாய் இரண்டு மாதம் லீவில் இருந்தார். அந்த நாட்களில் வீடுகளுக்குப் போக ஆள் இல்லாததால் நானே போனேன். அதைத் தியாகமாகச் சொல்லவில்லை. வேறு யாரும் இல்லை. முதல் நாள் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டு நாய் என்னை வாசலில் கால் மணி நேரம் நிறுத்தியது. செம்மண்டலத்தில் மூன்றாவது மாடியில் படுத்த படுக்கையாக இருந்த ஒருவரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருக்கையில், சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வீட்டுக்காரர். வண்டி ஓட்டும்போதும் அடித்தது. ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை என் மனம் நீலப் புள்ளியையே நினைத்துக்கொண்டிருந்தது. லேபில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான்தான், நான் இங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் சாலையோரம் வண்டியை நிறுத்தி மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"சார், நாளையிலேருந்து ஒரு காலைக்கு ஆறு வீடு. அதுக்கு மேல எடுக்க முடியாது. இருக்கற எடத்தக் காட்டறத அணைச்சிடப் போறேன். இன்னொரு ஆள் போடறவரைக்கும் இப்படித்தான்."

"இதை மெயில்ல போடுங்க. நான் மேலே பேசிப் பார்க்கிறேன்."

"போடறேன். ஆனா நாளைக்கி ஆறு வீடுதான்."

மெயிலில் அதை எழுத எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. பாயின் பெயரைப் போடாமல் என்னைப் பற்றி எழுதினேன். வயிற்று வலி, பல், பிள்ளையிடம் கத்தியது, வழி மறந்து உட்கார்ந்திருந்த மனிதனிடம் பெட்டியைப் பற்றிக் கேட்டது. மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆபீசுக்கு எழுதுவாங்களா?" என்றாள். பிறகு, "அனுப்புங்க" என்றாள்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சிவப்பு வரிகள் நிறைய வந்தன, இரண்டு டாக்டர்கள் வேறு லேபுக்கு நோயாளிகளை அனுப்பத் தொடங்கினார்கள். கடைசியில் வீடுகளுக்குப் போக ஒருவரைப் போட்டார்கள். என் மெயிலுக்காகப் போட்டார்களா, போன நோயாளிகளுக்காகப் போட்டார்களா என்று தெரியாது. கேட்டுக்கொள்ளவில்லை.

பாய் திரும்பி வந்தபோது லேபுக்குள் மட்டும் வேலை, அதுவும் மூன்று மணிவரைதான் என்று ஏற்பாடு. ஒரு வருஷம் அப்படி இருந்தார். படம் எடுக்கும் பழக்கம் மெல்லக் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் போனால் இரண்டு மணிக்கு வந்தார். பழைய பேச்சு வந்தது, ஆனால் எல்லோரிடமும் இல்லை. சில நாட்களில் ஒன்றுமே பேசாமல் ஊசியைக் குத்தி அனுப்புவார். அந்த நாட்களில் நான் அவரைக் கேள்வி கேட்க மாட்டேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பேன். பிறகு பரங்கிப்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அங்கே ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால் ஜாஸ்தி என்கிறார்.

நான் போன வருஷம் இன்சார்ஜ் பொறுப்பை விட்டுவிட்டேன். இப்போது மைக்ராஸ்கோப்பில் ரத்தப் படலத்தைப் பார்க்கும் வேலை மட்டும். என் இடத்துக்கு வடலூரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார். முப்பது வயது இருக்கும். கெட்டிக்காரி. போன வாரம் அவரிடம் ஏதோ கேட்கப் போனேன். நான் கேள்வியை முடிப்பதற்கு முன்பே, "ஆச்சு சார், அனுப்பிட்டேன் சார்" என்றார். நான் கேட்க வந்தது பேனா இருக்கிறதா என்று.

மறுநாளும் அப்படியே ஆனது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் மேஜைக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"என்னா சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான். எப்டி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார். எதனா தப்பு நடந்துடுச்சா?"

"இல்ல."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அவருக்குப் பின்னால் டிவியில் ஒரு வரி மஞ்சளாக மாறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனாலும் தோள் இறுகியது எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி ஏதும் சொல்லாமல், சாப்பிடலாமா என்று கேட்டேன். இன்னும் நாலு ரிப்போர்ட் இருக்கிறது என்றார். நான் இரண்டை எடுத்துக்கொண்டேன்.